பதினோரு செகண்டு

“இன்னா நைனா, ஒன் பெட்டி இன்னும் முழிக்கலையா?”

கேட்டது பேக்கிங் கோபி. மணி ஒன்பதே கால். அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த அட்டைப்பெட்டி கம்பெனியின் வாசலில் இருபது பேர் வரிசை. ஆளுக்கொரு விரலை நீட்டிக்கொண்டு.

வருகைக்கு விரல் வைக்கிற மெஷின், சம்பந்தத்தின் கம்ப்யூட்டரோடு சேர்ந்தது. அது எழுந்தால்தான் இது எழும். அதுவோ ஒன்பது இருபதுக்கு முன்னால் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை.

“சுத்துது, சுத்துது,” என்றார் டைம் ஆபீஸ் சம்பந்தம். திரை அவர் பக்கம். அதன் முதுகுதான் வரிசைக்கு. “அதுக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு. பொறு.”

“மியூசியத்துல கேட்டுப் பாருங்க சார். பெட்டியை எடுத்துப்பாங்க,” என்றாள் வரிசையில் நின்ற ஞானகுமாரி. “உங்களை எடுத்துப்பாங்களான்னுதான் தெரியலை.”

வரிசை சிரித்தது. சம்பந்தம் சிரிக்கவில்லை. அந்தப் பழக்கம் அவருக்குக் கிடையாது.

ஞானகுமாரிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. காலையில் போன இருபது நிமிஷத்தைச் சாயங்காலம் உட்கார வைத்துக் கறந்துவிடுவார் மனுஷன். ஒரே ஒரு நல்ல குணம். “சிஸ்டம்தான் லேட்டு, ஆள் லேட்டில்லை” என்று எல்லாருக்கும் ஒன்பது மணி என்றே வருகை போட்டுவிடுவார்.

நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட லேட்டாக வராதவள் என்று போன பொங்கலுக்கு ஞானகுமாரி ஒரு ஹாட் பாக்ஸே பரிசு வாங்கியிருந்தாள்.

ஒருநாள் முதலாளி நாகேந்திரன் சொல்லிவிட்டார்.

“பழைய விண்டோஸுக்கு இனிமே பாதுகாப்பு கிடையாதாம். புதுசு போட்டுடு.”

மூன்று வருஷமாக அந்த ஃபைல் போயிடும், இந்த ஃபைல் போயிடும் என்று தடுத்து வந்த சம்பந்தத்தின் பேச்சு இந்த முறை எடுபடவில்லை. கம்ப்யூட்டர் என்ஜினீயர் ஜெர்வின் பையும் கையுமாக வந்து இறங்கினான்.

கம்பெனியே கல்யாண வீடு. ஞானகுமாரி ஆவடியிலிருந்து பால்கோவா வாங்கி வந்தாள். கோபி பெட்டிக்குச் சந்தனம் வைத்தான். எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது, இதற்குச் சக்கரம் கிடையாதே என்று அரைமணி நேரம் விவாதம்.

சம்பந்தம் மட்டும் ஜெர்வின் காதருகே குனிந்தார்.

“தம்பி, கொஞ்சம் மெதுவா எழுந்திருக்கிற மாதிரி போட முடியாதா?”

“மெதுவாவா?” ஜெர்வின் கத்தியேவிட்டான். “இப்படி ஒருத்தர் கேட்டு இன்னைக்குத்தான் சார் பார்க்கிறேன்!”

அன்று முழுக்க அதுதான் சிரிப்பு.

புது டிஸ்க், கூடுதல் மெமரி, புது விண்டோஸ். சாயங்காலம் நாலு மணிக்கு ஜெர்வின் சுவிட்சைப் போட்டான். எல்லாரும் கோரஸாக எண்ணினார்கள். ஒன்று, இரண்டு... பதினொன்றில் திரை பளிச்சென்று விழித்தது. ஒரே விசில். கோபி ஒரு குத்தாட்டமே போட்டான்.

முதலாளி கையைத் தூக்கினார்.

“இனிமே ஒன்பதுன்னா ஒன்பது. ஒரு நிமிஷம் தாண்டினாலும் லேட். மூணு லேட்டுக்கு அரை நாள் சம்பளம் கட்.”

ஞானகுமாரியின் வாயில் பால்கோவா அப்படியே நின்றது.

மகனின் பள்ளிக்கூடக் கேட் திறப்பது எட்டரைக்கு. அவனை உள்ளே தள்ளிவிட்டு ஓடினால் திருநின்றவூரில் எட்டு நாற்பது ரயில். அம்பத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வந்தால் ஒன்பதே கால். நாலு வருஷமாக ஒன்பதே காலுக்குத்தான் வந்திருக்கிறாள்!

அந்த ஹாட் பாக்ஸ் அவள் வாங்கியதில்லை. அந்தப் பழைய பெட்டி வாங்கிக் கொடுத்தது. அதைப் போய் மியூசியம் என்றாளே.

மறுநாள் என்று பார்த்து அண்ணனூருக்கு வெளியே வண்டி நின்றது. அங்கிருக்கும் ரயில் ஷெட்டிலிருந்து ஒரு காலி வண்டி ஆடி அசைந்து வந்து தொலைந்த பிறகுதான் சிக்னல். ஞானகுமாரி தனக்குத் தெரிந்த புனிதர்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஆட்டோவிலிருந்து குதித்ததில் செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மணி ஒன்பது பதினேழு. வாசலில்...

வரிசை!

மெஷின் இருட்டாகக் கிடந்தது. “சுத்துது, சுத்துது,” என்று திரையை முறைத்துக்கொண்டிருந்தார் சம்பந்தம். பத்து மணிக்கு முன்னால் தலைகாட்டாத முதலாளி, வாட்சும் கையுமாகப் பக்கத்தில். அவர் திரும்புவதற்குள் ஞானகுமாரி வரிசையின் வாலில் ஒட்டிக்கொண்டாள்.

“ஜெர்வின்! பதினோரு செகண்டுன்னு சொன்னியே?” என்றார் முதலாளி.

முதல் நாள் ஓட்டத்தைப் பார்க்க வந்திருந்த ஜெர்வின் மேஜையைச் சுற்றிக்கொண்டு போனான். திரையைப் பார்த்தான். குனிந்து மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியைப் பார்த்தான். சம்பந்தத்தைப் பார்த்தான். கடைசியாக வரிசையின் வாலில் மூச்சு வாங்கிக்கொண்டு, கையில் செருப்போடு நின்றவளைப் பார்த்தான்.

“புது விண்டோஸ் இல்லையா சார்... காலைல அப்டேட் ஓடும். ஒரு இருபது நிமிஷம்.”

“தினமுமா?”

“தினமும் சார்.”

“இதுக்குப் பழசே தேவலாம்போல இருக்கே!” முதலாளி விருட்டென்று உள்ளே போய்விட்டார்.

மேஜைக்கு அடியில் சம்பந்தத்தின் கால் அசைந்தது. பதினோரு செகண்டு. மெஷினில் பச்சை விளக்கு.

ஞானகுமாரி விரல் வைக்கும்போது ஜெர்வின் முணுமுணுத்தது காதில் விழுந்தது.

“எப்போ சுவிட்ச் போட்டாங்க, எப்போ எழுந்துச்சுன்னு பெட்டியே குறிச்சு வெச்சிருக்கும் சார். நேத்து பார்த்தேன். அந்தப் பழசும் ரெண்டே நிமிஷத்துல எழுந்திருக்கு. எத்தனை மாசம் பின்னாடி போனாலும், நீங்க சுவிட்ச் போட்டதே ஒன்பது பதினெட்டுக்குத்தான்.”

சம்பந்தம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“திருநின்றவூர் வண்டி அதுக்கு முன்னாடி வந்து சேர மாட்டேங்குதேப்பா. நான் என்ன பண்ண?”