நாற்பத்திரண்டு டிகிரி

இந்தக் காலத்து ஆட்கள் எதையும் அரைகுறையாகத்தான் செய்கிறார்கள் என்று முனகினார் மாசிலாமணி. மனைவி அன்னக்கொடிக்குப் பெருங்குடலில் புற்று. மருந்து ஏற்றி, வயிற்றுக்குச் சூடும் கொடுத்து அப்போதுதான் கட்டிலில் விட்டிருந்தார்கள். இரண்டும் சேர்ந்தால் புற்று வளர்வது மட்டுப்படும் என்றாள் டாக்டரம்மா.

"எவ்வளவு சூடும்மா?"

"நாற்பத்திரண்டு டிகிரி, ஐயா."

"முப்பது வருசம் மில்லுல நெல் அவிச்சவன் நான். அதுல ஒரு நெல்லு வேகாது."

அன்னக்கொடி சிரித்தாள். "என்னைய வேக வைக்கவா கூட்டியாந்தீங்க? வந்து தொட்டுத்தான் பாருங்களேன்."

நாலு பேர் முன்னால் அவளைத் தொட்டு அவருக்குப் பழக்கமில்லை. அவிந்த நெல்லைப் பார்ப்பதுபோலப் புறங்கையை அவள் வயிற்றில் வைத்தார். வெதுவெதுவென்று இருந்தது. எடுக்க மனமே வரவில்லை. நேரமாகிவிட்டது என்று நர்ஸ் வெளியே அனுப்பினாள்.

"பத்தாது, இந்தச் சூடு பத்தவே பத்தாது" என்றபடி, அந்தக் கையைச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு வராந்தாவில் நடந்தார்.