அடிக்காத அலாரம்

பேக்கரிக்காரர் தன் போனை மெக்கானிக்கிடம் நீட்டினார்.

“பன் வேகறதுக்கு வைக்கிற அலாரம் அடிக்கவே மாட்டேங்குதுங்க. தினமும் எல்லாம் கருகிப் போகுது. இவ என்னடான்னா, அடிச்சுதுன்னு சாதிக்கிறா.”

“முன்னால கல்லாவுல இருக்கிற எனக்கே கேக்குதே!” என்றாள் மனைவி.

“பொய்க்கும் ஒரு அளவு வேணும்டீ!”

மெக்கானிக் ஒலியை முழுதாகக் கூட்டி, அலாரம் வைத்து, போனைக் கவிழ்த்து வைத்தார். பேக்கரிக்காரர் மனைவியை முறைத்துக்கொண்டே காத்திருந்தார்.

கீச்சென்ற சத்தத்தில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு அலாரத்தை அணைத்தார்.

“ஏங்க, அடிக்கறதுக்குள்ள எடுத்துட்டீங்க?” என்றார் பேக்கரிக்காரர்.

மனைவியின் கோபம் போன இடம் தெரியவில்லை. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போன் நல்லாத்தான் இருக்குங்க. வாங்க, காது டாக்டரைப் பாத்துட்டு வீட்டுக்குப் போலாம்.”