நாரை சொன்ன பதில்

கிழட்டு மந்திக்கு வயிற்றில் கட்டி முற்றிவிட்டது. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க" என்று அதன் மகள் வைத்தியர் நாரையிடம் கெஞ்சியது.

"நானா சொல்ல மாட்டேன். அவங்களே கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்" என்றது நாரை.

மறுநாள் தாய் மந்தி கேட்டேவிட்டது. "நான் பிழைப்பேனா?"

நாரை அருகில் வந்து உட்கார்ந்தது. "கஷ்டம்தாம்மா. ஆனா வலி தெரியாம பார்த்துக்கறேன்."

மகள் நாரையின் மேல் பாய்ந்தது. "உங்களுக்கு ஈவிரக்கமே இல்லையா?"

"அவரைத் திட்டாதேடி" என்றது தாய். "நீ தினமும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினே. உனக்காக நானும் சிரிச்சேன். என் பயத்தை யார்கிட்ட சொல்றதுன்னுதான் தெரியல."

மகள் தாயின் மடியில் முகம் புதைத்து அழுதது. தாயின் விரல்கள் மகளின் தலையில் மெல்லப் பேன் பார்க்கத் தொடங்கின.