நாள் தவறாத மருமகள்

ஆய்க்குடியிலிருந்து வில்வண்டி கட்டி, மருமகள் வடிவாம்பாளைக் குற்றாலத்து வைத்தியரிடம் கூட்டிவந்திருந்தாள் அகிலாண்டேஸ்வரி. கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை.

"மாசவிலக்கு ஒழுங்கா வருதா?" என்று வைத்தியர் கேட்டார்.

மாமியாரே பதில் சொன்னாள். "அதுல குறையே கிடையாதுய்யா. இருபத்தெட்டு நாளைக்கொருக்க பாயைச் சுருட்டிக்கிட்டுப் பின்கட்டுல போய் உக்காந்துருதா. பஞ்சாங்கம் தோத்துப்போவும்."

"அப்போ என்கிட்ட மருந்தில்ல ஆச்சி. மாசக்கணக்கா விலக்கே வராம நிக்கும் பாருங்க, அதுக்குத்தான் நான் மலைவேம்புச் சாறு குடுக்கேன். கூடவே எள்ளும் கருப்பட்டியும் இடிச்சுத் தின்னணும். அப்படிக் குணமாகிப் பிள்ளை பெத்தவ எத்தனையோ பேரு."

வடிவாம்பாள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அந்தச் சீக்கு மவனோட மூத்த தாரத்துக்குல்லா இருந்துச்சு!" என்றாள் மாமியார். "அதனாலதான அவளைப் பெறந்த வீட்டுக்கே அனுப்புனோம். இவ குறையில்லாதவ, ஒரு ஓரமா இருந்துக்கிடட்டும். மவனுக்கு வேற பொண்ணு பாக்கணும்."

வண்டி ஏறப்போன வடிவாம்பாள் திரும்பி வந்தாள். "ஐயா, அந்த மருந்து எங்க ஊர்ல ஒருத்திக்கு வேணும்."

"நாடி பாக்காம குடுக்கமாட்டேன் தாயி. அவளைக் கூட்டிட்டு வா."

"அவளால வரமுடியாதுய்யா."

மூன்று வருஷத்தில் வடிவாம்பாளுக்கு மெய்யாகவே விலக்கு வந்தது நாலே தடவை. மற்ற மாதமெல்லாம், மூத்தவளின் கதி தனக்கும் வந்துவிடுமோ என்று பயந்து, விரல்விட்டு நாளெண்ணித்தான் அவள் பின்கட்டில் போய் உட்கார்ந்தாள்.