கொஞ்சம் நீலம்

சுதந்திரம் கிடைத்த மறுவருடம். பாசார் சந்தைச் சுவரில் ஒட்டியிருந்த வெள்ள வரைபடத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு, மலாக்கா அரசாங்க அலுவலகத்துக்குள் நுழைந்தாள் காஜா பெராங் பகுதியில் குடியிருக்கும் தனபாக்கியம்.

"யாரைக் கேட்டு என் வீட்டை இப்படி வரைஞ்சீங்க? வீட்டுல இருக்க முடியல, தம்பி!"

சிங்கப்பூரில் புவியியல் படித்துவிட்டு வந்த கதிரேசன் நிதானமாகச் சொன்னான்: "முப்பது வருச மழையைக் கணக்குப் போட்டு, பெருவெள்ளம் வந்தா எப்படி இருக்கும்னு வரைஞ்சதும்மா. நீலம்னா முழுகும். உங்களுக்காக அதை அழிக்க முடியாது."

"அழிக்க யாரு சொன்னா? என் வீட்டுக்கும் நீலம் பூசுங்க!"

அவன் குனிந்து பார்த்தான். அந்தத் தெருவில் அவள் வீடு மட்டும் வெள்ளையாக இருந்தது.

"உங்க வீடு மேட்டுல இருக்கு. அங்க தண்ணி வராதும்மா."

"தண்ணியா வந்துச்சு? இதை ஒட்டின அன்னைக்கே என் நாத்தனார் குடும்பம் வந்துருச்சு, நாலு ஆட்டையும் ஓட்டிக்கிட்டு!"