காட்டேரிக்குக் கழன்ற பல்

"ரத்தக்காட்டேரி பல் தேய்க்குமாப்பா?" என்று மகள் ஒருமுறை கேட்டது, கதாநாயகியின் கழுத்தை நோக்கிக் குனியும் காட்டேரி நடிகனுக்கு நினைவு வருகிறது. உதடு லேசாக விரிய, ஒட்டவைத்த கோரைப்பல் கழன்று அவள் தோளில் விழுகிறது. இன்னொரு முறை காட்சி கெட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக இயக்குநர் காலையில்தான் அவனிடம் சொல்லியிருக்கிறார். காட்டேரி கடவுளைக் கூப்பிடுவதற்குள், அவள் பல்லைக் கைக்குள் மறைத்துக்கொண்டு கலகலவென்று சிரிக்கிறாள். "மன்னிச்சுக்கங்க சார், கூச்சத்துல சிரிச்சுட்டேன்." "காதலிக்கச் சொன்னா கிச்சுகிச்சு மூட்டின மாதிரி சிரிக்கிறியேம்மா," என்று கடிந்துகொண்டு, இயக்குநர் எல்லோரையும் சாப்பிட அனுப்புகிறார். அவள் பல்லை அவனிடம் நீட்டுகிறாள். "பிடிங்கண்ணே. இனிமே பசை கொஞ்சம் தாராளமா வைக்கச் சொல்லுங்க."

காய்ச்சலில் கிடந்த தன் குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருந்தவள், காட்சிக்காக வைத்திருந்த சவப்பெட்டியின் சிவப்புப் பட்டு மெத்தையிலேயே தூங்கிப்போகிறாள். ஆளில்லாத அரங்கில் மின்விசிறி மட்டும் முனகுகிறது. கூரை இடுக்கு வழியே இறங்கும் வெயில், தூசியைப் பொன்னாக்கியபடி அவள் இமைகளை நோக்கி மெல்ல நகர்கிறது. அவன் சாப்பிடப் போகவில்லை. கறுப்பு அங்கியை இரு கைகளாலும் விரித்துப் பிடித்து, வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கிறான். முகத்தின் வெள்ளைப் பூச்சு கரைந்து கழுத்தில் வழிகிறது. வெளியே பேச்சுக்குரல்கள் நெருங்கியதும், அங்கியை ஓசைப்படாமல் மடக்கிக்கொண்டு தன் நாற்காலியில் போய் உட்காருகிறான்.