ஓடு மாற்றினால்தான் செக்

"ஓடு மாத்தாம ஒத்தப் பைசா குடுக்க மாட்டாங்களாமுங்ணா" என்று சொல்லி, முஸ்தபா பாய் பேங்குக் கடிதத்தைச் சாமியப்பனின் மேசைமேல் வைத்தார். வைத்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வீரபாண்டியில் இருந்த அந்தப் பனியன் கம்பெனிக்குச் சாமியப்பன்தான் முதலாளி. ஓட்டை விழுந்த பனியனைக்கூட, "காத்து வர்றதுக்குங்க" என்று சொல்லி விற்றுக் காசாக்கியவர். அவருடைய சரக்கிலேயே ஒரு பேங்கு குறை கண்டுபிடிப்பதா?

விஷயம் இதுதான். பக்கத்திலேயே, ராயபுரத்தில் அவருக்கு ஓர் ஓட்டு வீடு இருந்தது. அப்பா கட்டியது. அப்பாவுக்குப் பிறகு அதில் ஓர் ஆணிகூட அவர் தன் காசில் அடித்ததில்லை. அந்த வீட்டைத்தான், பனியன் வேஸ்ட் வியாபாரியான முஸ்தபா பாய், ஐப்பசி பிறந்ததும் தாமாகவே வந்து விலைக்குக் கேட்டார். பேரத்துக்குத் தாராளமாக இடம் வைத்து, சாமியப்பன் ஒன்றரை லட்சம் என்றார். பாய் "சரிங்க" என்றார். பேங்கில் வீட்டுக்கடன் போட்டு மொத்தமாகத் தருவதாகப் பேச்சு.

சாமியப்பனுக்கும் பணம் அவசரம். கோயமுத்தூரில் ஒரு ஜப்பான் நிட்டிங் மெஷின் பாதி விலைக்கு வந்திருந்தது. தை முடியும்வரைதான் வைத்திருப்பேன், அப்புறம் லூதியானாக்காரனுக்குத் தள்ளிவிடுவேன் என்று டீலர் கறாராகச் சொல்லியிருந்தார். மெஷின் வந்தால் எக்ஸ்போர்ட். வராவிட்டால் ஆயுசு முழுக்கக் கைவைத்த பனியன்தான்.

வீட்டில் ஞானாம்பாள் மட்டும் சந்தேகப்பட்டாள்.

"ஏனுங்க, ஒரு மூட்டை வேஸ்டுக்கு ஒம்பது நாள் பேரம் பேசற மனுசன், ஊட்டுக்கு எப்படிங்க வாயத் தொறக்காம இருந்தாரு?"

"பேங்குப் பணந்தானே. அதான் வலிக்கல" என்றார் சாமியப்பன்.

பேங்கு இன்ஜினியர் வீட்டைப் பார்க்க வந்த அன்றைக்கென்று நல்ல மழை. உள்ளே போசி, குண்டான், வட்டில் என்று ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் ஒன்று வைத்திருந்தது. இன்ஜினியர் நடு ஹாலுக்கு வந்து குடையை மடக்கினார். அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி விரித்துக்கொண்டார். அதன் பலன்தான் இந்தக் கடிதம்.

"ஒழுகினா பேங்குக்கு என்னுங்க பாய்? அவங்க தலைமேலயா ஒழுகுது?"

"அடமானம் வெக்கற பொருளு உறுதியா இருக்கோணுமாமுங்க. இல்லீன்னா செக்கு அவங்க பீரோவுலயே கெடக்குமாமுங்க."

செலவை ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்ளலாம் என்று சாமியப்பன் கொக்கி போட்டுப் பார்த்தார். பாய் தலையை ஆட்டினார்.

"எம்பேருக்கு வராத ஊட்டுக்கு நான் எப்படிங்க செலவு பண்றது? நாளைக்கே நீங்க மனசு மாறிட்டா?"

அப்படி ஒரு யோசனை ஏற்கெனவே தன் மனதில் இருந்ததால், சாமியப்பன் கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார்.

ஓடு மாற்றியாயிற்று. அடுத்த கடிதம் வந்தது: மேற்குச் சுவரில் விரிசல். அதை இடித்துப் பூசியதும் மூன்றாவது வந்தது: கக்கூஸ் கதவுக்குக் கீழ்ப்பாதி இல்லை. இன்ஜினியரைச் சரிக்கட்டலாம் என்று ஒரு டஜன் பனியன் அனுப்பினார் சாமியப்பன். கக்கத்தில் தையல் பிரிந்திருக்கிறது என்று பன்னிரண்டும் திரும்பி வந்தன.

ஒவ்வொரு கடிதத்தையும் பாய் தம் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். பேங்கைத் திட்டுவதில் சாமியப்பனுக்குச் சரிசமமாகத் துணை நின்றார்.

"எக்ஸ்போர்ட் பீஸ் செக் பண்றவனாட்டப் பாக்கறானுங்ணா" என்று அங்கலாய்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "அப்படியே அடுப்படிக்கு ஒரு புகைக்கூண்டும் வெச்சுட்டா தேவலைங்க."

"அதுவுமா லெட்டர்ல இருக்குது?"

"லெட்டர்ல இல்லீங்க. இன்ஜினியர் மூஞ்சியச் சுளிச்சாருங்க."

மூஞ்சி சுளித்ததற்காக ஒரு புகைக்கூண்டு எழும்பியது. கடைசியாகச் சுண்ணாம்பு அடிக்கும்போது, தன் மனைவி நூர்ஜானுக்கு இளம்பச்சைதான் பிடிக்கும் என்று பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒன்றரை லட்சத்துக்கு இல்லாத பச்சையா என்று அதையும் அடித்துக் கொடுத்தார் சாமியப்பன்.

தை இருபதாம் தேதி இன்ஜினியர் வந்தார். சுவரைத் தட்டினார், கதவைச் சாத்தித் திறந்தார், திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். செக் தயார் என்று அன்று சாயங்காலமே தகவல் வந்துவிட்டது. சாமியப்பன் டீலருக்குப் போன் போட்டு மெஷினைக் கட்டிவைக்கச் சொன்னார். லாரிக்கும் ஆள் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் முஸ்தபா பாய் கம்பெனிக்கு வந்தார். புதுக் கூரைக்கும் புதுச் சுவருக்கும் மனமார நன்றி சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

சாமியப்பன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தார். உள்ளே மூன்று நூறு ரூபாய் நோட்டுகள் இருந்தன.

"என்னுங்க பாய் இது? செக்கு எங்கீங்க?"

"கடனே வேண்டாம்னு பேங்குல எழுதிக் குடுத்துட்டேனுங்ணா. பதினோரு வருசமா ஒழுகுது ஒழுகுதுன்னு நான் வந்து சொன்னப்பெல்லாம் காதுல போட்டுக்காத நீங்க, பேங்குக்காரன் சொன்னதும் மாத்திப் போட்டீங்க" என்றார் முஸ்தபா பாய், ரொம்ப மரியாதையாக. "இது எப்பவும்போல, இந்த மாச வாடகைங்க."